வெள்ளம் வடிந்த கரையில் நடைபாதையும் படகும்: மலையகத்தில் எதை முதலில் செய்வது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது, மலையகத்தின் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நாடு முழுவதும் 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் மிக மோசமாக அடிபட்டன. கரையோரத்தில் புயல் என்றால் காற்றும் கடலும். மலையில் அது மண்சரிவாகவும் ஆற்று வெள்ளமாகவும் வருகிறது.

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரம் வேறு இடமாகிவிடும். கரை அரித்துப் போயிருக்கும், நடு ஆற்றில் மணல் மேடு எழுந்திருக்கும், வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருக்கும். இனி அங்கே யாரையும் குடியிருக்க விடக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அப்படியானால் அந்த நிலத்தை என்ன செய்வது? மரம் நட்டு, ஆற்றோடு ஒட்டி ஒரு நடைபாதை போட்டு, தண்ணீர் அமைதியான இடத்தில் படகு விடலாம் என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது. உலகில் பல ஊர்கள் இதைச் செய்திருக்கின்றன. நல்ல யோசனை. மலையகத்துக்கு அது வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதில் வரிசை முக்கியம். முதலில் மனிதர்களுக்கு வீடு, பிறகு மலைச்சரிவு, பிறகு கழிவுநீர், அதற்கு அப்புறம்தான் பாதையும் படகும். இந்த வரிசை மாறினால் அடுத்த பெருமழையில் பாதை ஆற்றோடு போகும். அதைவிட மோசமாக, அழகுபடுத்தல் என்ற பெயரில் ஏழைகள் கரையை விட்டு விரட்டப்படுவார்கள்.

ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வளரும் ஒரு பிள்ளைக்குச் சமதரை கிடைப்பது அரிது. கோயில் வாசல், பள்ளிக்கூட மைதானம், தேயிலைத் தொழிற்சாலை முன்னால் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். பாட்டிமார் நடை பழகவும், வேலை முடிந்த பெண்கள் பயமின்றி உட்கார்ந்து பேசவும் பொது இடம் என்று ஒன்று இல்லை. ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்கள் ஓயாக்களின், அதாவது சிற்றாறுகளின், ஓரத்தில் வளர்ந்தவை. ஆனால் கடைகளின் பின்புறமும் சாக்கடை வாயும்தான் ஆற்றைப் பார்த்திருக்கின்றன. ஆற்றோரத்தில் நிழலும் பாதையும் வந்தால், அதனால் அதிகம் பயன் பெறப்போவது வெளிநாட்டுப் பயணிகளைவிட இந்த மக்கள்தான். திட்டம் போடுகிறவர்கள் இதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஆற்றின் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் தண்ணீர். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் 300 மில்லிமீட்டர் பெய்தால் மூன்று கோடி கன மீட்டர். ஒரு பகுதி மண்ணில் இறங்கும். ஆனால் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணில், செங்குத்தான சரிவில், பெரும் பங்கு சில மணித்தியாலங்களுக்குள் ஓடைக்கு வந்துவிடும்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. 2012-இல் தொடங்கிய அந்த 150 மெகாவாட் நிலையம் ஓடும் நீரைக் கொண்டே மின்சாரம் எடுப்பது. அதன் பின்னால் தேங்கி நிற்கும் குளம் சிறியது. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு ஒரு மில்லியன் கன மீட்டருக்கும் குறைவு. மேலே சொன்ன மூன்று கோடியோடு ஒப்பிட்டால் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று நீங்களே பார்க்கலாம். பெருமழை வந்தால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் கீழே ஆறு திடீரென்று உயரும். அந்தக் கீழ்ப்பகுதியில் நடைபாதை போடும் எவரும் கதவு திறக்கும் நேரம், சைரன் ஒலி, தண்ணீர் வந்துசேர எடுக்கும் நிமிடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டும்.

இன்னும் கீழே கொத்மலைப் பெரிய நீர்த்தேக்கம். 1985-இல் முடிந்த அது பெருவெள்ளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். ஆனால் அது ஏற்கெனவே நிறைந்திருக்கும் வேளையில் மழை வந்தால் கீழேயுள்ள கம்பளை நகருக்குப் பாதுகாப்பு குறைந்துவிடும். நாவலப்பிட்டியின் நிலை வேறு. அதற்கு மேலே அப்படிப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. மகாவலி ஆறு அங்கே மழைக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஒரே ஆற்றில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு ஒரே மாதிரித் திட்டம் பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.

தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் அதனுடன் வருவது. மண்சரிவில் விழுந்த மண்ணும் பாறையும், வேரோடு பிடுங்கிய யூக்கலிப்டஸ் மரங்களும் ஓடையில் இறங்கி ஒரு வளைவில் அடைத்துக்கொள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கி, ஒரு கட்டத்தில் உடைத்துக்கொண்டு பாயும். சின்னப் பாலங்களும் மதகுகளும் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். கைப்பிடிக் கம்பி போட்ட அழகான நடைபாலம் ஒன்றைத் தாழ்வாகக் கட்டினால், அடுத்த முறை மரக்கட்டைகளைப் பிடித்து வைக்கும் வலையாக அது மாறும். பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்.

வந்து விழுந்த வண்டல் ஒரே இடத்தில் நிற்கவும் மாட்டாது. இரண்டு மூன்று மழைக்காலம் அது கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றுப் படுகை உயரும், தாழும், ஓட்டம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறும். ஆகவே புயல் முடிந்த ஆறாவது மாதத்தில் ஆற்றை அளந்து, ஏழாவது மாதத்தில் கொங்கிறீட் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவமழை, கிழக்கே ஊவாப் பக்கத்துக்கு ஆண்டு இறுதி மழை. குறைந்தது ஒரு முழுச் சுற்றையாவது பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

யாருடைய கரை?

இந்த இடத்தில்தான் திட்டங்கள் பொதுவாக அவசரப்படுகின்றன, நான் நின்று பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

ஆற்றோரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு இடம் கிடைக்காதவர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இடம் போதாமல் பக்கத்தில் தகரம் அடித்து ஓர் அறை இறக்கியவர்கள், ஓடைக்கரையில் கொஞ்சம் மரக்கறி போட்டுப் பிழைப்பவர்கள், நகர விளிம்பில் வாடகை கட்ட முடியாதவர்கள். அந்த நிலத்துக்கு இவர்களிடம் உறுதிப்பத்திரம் இருக்காது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992-இலிருந்து நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். இருநூறு ஆண்டு உழைத்த சமூகத்தில் பெரும்பாலானோருக்குக் குடியிருக்கும் மண் சட்டப்படி சொந்தமில்லை. புயலில் வீடு இழந்தவர் இழப்பீட்டுப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது காணி உரிமைக்குச் சான்று கேட்டால் அவர் என்ன காட்டுவார்?

மீரியபெத்தையை மலையகம் மறக்காது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குத்தான் வேறு வீடு இல்லை. எச்சரிக்கை செய்துவிட்டோம் என்பதோடு பொறுப்பு முடியாது. மாற்று நிலம், அதற்கு உறுதிப்பத்திரம், வேலைத்தலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகக்கூடிய தூரம், குடிதண்ணீர் — இவை நான்கும் கையில் வந்த பிறகே ஒரு குடும்பத்தை எழும்பச் சொல்ல நியாயம் உண்டு.

தலவாக்கலைக்கு இதில் முன் அனுபவம் இருக்கிறது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டு அவர்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. குறைகள் இருந்தாலும், வீடு முன்னே வந்து அணை பின்னே வரலாம் என்பது இந்த மண்ணில் நடந்த காரியம். மின்சாரத்துக்குச் செய்ய முடிந்ததைப் பூங்காவுக்கும் செய்ய முடிய வேண்டும்.

அடுத்தது அதிகாரம். ஓர் ஓயாவின் கரையில் ஒரு வேலை செய்ய எத்தனை கதவைத் தட்ட வேண்டும் பாருங்கள். அரச காணிக் கட்டளைச் சட்டம் 1947-இலிருந்து பொது நீரோடைகளையும் அவற்றின் ஒதுக்குப் பகுதிகளையும் ஆள்கிறது. 1924-இன் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை, மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அப்புறம் தோட்டக் கம்பனி, பிரதேச செயலகம், பிரதேச சபை. இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்காராத வரை ஒருவர் நட்ட மரத்தை இன்னொருவர் வெட்டுவார்.

பிரதேச சபைகளின் நிலை தனியாகச் சொல்லத் தக்கது. 1987-இன் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்குப் போடலாம், ஆனால் அந்த வாக்கில் வந்த சபை அவர்கள் லயத்துக்கு ஒரு பாதை போட முடியாது என்ற நிலை. 2018-இல் திருத்தம் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் சபைகளின் எண்ணிக்கையும் கூடி, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவற்றுக்குத் தனிச் சபைகள் கிடைத்தன. ஆற்றங்கரைத் திட்டம் ஒன்றைச் சட்டப்படி தோட்டத்துக்குள்ளும் கொண்டுபோகும் வழி இப்போதுதான் திறந்திருக்கிறது. நகர எல்லையோடு பாதையை நிறுத்திவிட்டு, மேலே தோட்டத்தை அப்படியே விட்டால் அந்தத் திருத்தத்துக்குப் பொருளே இல்லை.

மேலே மலை, கீழே பாதை

மலையக ஆற்றங்கரைக்கும் சமவெளி ஆற்றங்கரைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று. இங்கே கரை என்பது பல இடங்களில் மலைச்சரிவின் அடிப்பாதம். பாதைக்கு அகலம் வேண்டும் என்று அந்த அடியை வெட்டினால் மேலே நிற்கும் முழுச் சரிவும் பிடி இழக்கும். பிறகு கல்மதில் கட்டித் தாங்க வேண்டும், மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், அழுத்தம் கூடும். வீதி அகலிப்பில் நாம் திரும்பத் திரும்பப் பார்த்த கதை இது. ஆகவே பாதை எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது மண்சரிவு அபாய வரைபடமாக இருக்க வேண்டும். சில இடங்களில் பாதை ஆற்றைவிட்டு விலகி, பழைய தோட்டப் பாதையில் ஏறி, மறுபடி இறங்கட்டும். தொடர்ச்சியாக ஆற்றை ஒட்டியே போக வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

சரிவைப் பாதுகாக்கும் வேலை தேயிலை மலையிலேயே ஆரம்பிக்கிறது. தோட்டத்துக் கான்களை, அதாவது வடிகால்களை, ஒழுங்காக வெட்டிச் சுத்தமாக வைத்தால் மழைநீர் சரிவுக்குள் இறங்காமல் வழிந்து போகும். ஆள் குறைந்து, கான்கள் தூர்ந்துபோன மலைகளில் தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கிறது. 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொடக் கூடாது என்ற ஆலோசனை 1873-லேயே இந்த நாட்டுக்கு வந்தது. தாவரவியலாளர் ஹூக்கர் சொன்னது. அதே ஆண்டில்தான் நுவரெலியாவில் கிரகரி வாவியும் உருவானது. மேலே காடும் புல்வெளியும் மரக்கறித் தோட்டமாக மாற மாற, வாவியில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. படகுச் சவாரிக்குப் பேர் போன அந்த வாவி ஒவ்வொரு புதுத் திட்டத்துக்கும் ஒரு பாடம்: மேலே மண்ணை நிறுத்தாமல் கீழே படகு விட்டால், தூர்வாரும் செலவு காலம் முழுக்கத் தொடரும்.

சரி, பாதை எப்படி இருக்க வேண்டும்? தண்ணீருக்கு அருகே போகும் பகுதி மூழ்கும் என்று ஏற்றுக்கொண்டே கட்ட வேண்டும். இறுக்கிய சரளை, பதித்த கருங்கல், இடையிடையே புல். வெள்ளம் போனால் சேற்றைத் தள்ளிவிட்டு மறுபடி நடக்கலாம். மின்விளக்கு, கழிப்பறை, கடை, படகு வைக்கும் கொட்டகை எல்லாம் டித்வா வெள்ளக் குறிக்கு மேலே. அந்தக் குறியை இப்போதே பிடித்து வைக்க வேண்டும். சுவரில் சேற்றுக்கோடு இன்னும் அழியாத வீடுகள் இருக்கின்றன, தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று விரலால் காட்டக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாலத்திலும், கோயில் மதிலிலும், பள்ளிக்கூடத்திலும் அந்த அளவைப் பெயின்றால் எழுதிவைக்கலாம். காசு அதிகம் போகாத வேலை, நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

கரையைப் பிடிக்க மரமும் புல்லும். தாழ்ந்த பகுதிகளில் ஆற்றோர மருதமரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. கும்புக் என்று நம் ஊர்ப்பக்கத்தில் சொல்வது அதைத்தான். மூங்கிலும் உண்டு. வெட்டிவேரின் வேர் மூன்று மீட்டர் வரை இறங்கக் கூடியது, சரிவு வரம்புகளில் அது நல்ல துணை. ஆனால் நுவரெலியாவின் குளிரில் அது மெதுவாகத்தான் வளரும். அங்கே மலைக்காட்டின் சொந்த மரங்களையும் பெரணிகளையும் நாற்று எடுத்து வளர்க்க வேண்டும். கொங்கிறீட் மதில் தவிர்க்க முடியாத இடம் சில உண்டு, பாலத்தடி மாதிரி. கரை முழுக்க அதையே கட்டினால் ஆறு ஒடுங்கி, வேகம் கூடி, அடுத்த ஊரைத் தாக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது, ஆஷ்வில் நகரில் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு 1916-இன் பெருவெள்ள மட்டத்தையும் தாண்டியது. ஆற்றோரக் கலைக்கூடங்களும் கடைகளும் அழிந்தன, பூங்காக்களும் மூழ்கின. பக்கத்து வுட்ஃபின் என்ற சிற்றூரில் புயலுக்கு முன்பே ஆற்றங்கரைப் பாதைக்கும், படகோட்டிகளுக்கான செயற்கை அலைக்கும் திட்டம் இருந்தது. 2016-இல் ஊர் வாக்காளர்களே அதற்குக் கடன் எடுக்க ஒப்புதல் தந்திருந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு. மூழ்கிய பூங்காவைக் கழுவித் திருப்பி எடுக்கலாம், மூழ்கிய கட்டடத்தை அப்படி எடுக்க முடியாது. மற்றது, ஊர்ச் சனங்களிடம் கேட்டு, அவர்கள் கையால் வாக்குப் பெற்று ஆரம்பித்த விதம். நம் பிரதேச சபை ஒன்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டம் வைத்துக் கேட்டால் அதுவும் நடக்கக்கூடியதே.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்

படகும் நீச்சலும் என்றால் முதல் கேள்வி தண்ணீர் சுத்தமா என்பது. நகரக் கழிவுநீர், லயங்களின் கழிப்பறைக் குழிகள், மரக்கறித் தோட்டங்களின் மருந்து எல்லாம் ஓயாவில்தான் சேர்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயமும் கூடும். பொழுதுபோக்குத் திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு கழிவுநீருக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். படகு வராவிட்டாலும்கூட, மலைநீர் விழும் பீலியில் குளிக்கும் பெண்களுக்கும் ஆற்றில் துணி துவைப்பவர்களுக்கும் அந்தப் பணம் பயன் தந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி ஓட்டத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது. கித்துள்கலையில் களனி கங்கையின் வெள்ளைநீர்ப் படகோட்டம் பல இளைஞர்களுக்குச் சோறு போடுகிறது. அங்கே தண்ணீரின் அளவை மேலேயுள்ள மின்நிலையங்கள் திறந்துவிடும் நேரம்தான் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. 35 மெகாவாட் ப்ரோட்லண்ட்ஸ் திட்டம் நீரைச் சுரங்கம் வழியே திருப்ப வந்தபோது படகோட்டும் பகுதி வற்றிவிடுமே என்று அந்தத் தொழில் செய்வோர் பதறியது நியாயமே. மலையகத்தின் எந்த ஆற்றிலும் மின்சாரத்துக்கும் படகுக்கும் இந்த இழுபறி வரும். தண்ணீர் திறக்கும் நேரத்தை எழுத்தில் உடன்பாடாக வாங்காமல் படகுத்துறை கட்டக் கூடாது.

என் கருத்தில், சீற்றமான ஆற்றுப் பகுதிகளில் புதிதாகப் படகு விளையாட்டைப் பரப்புவதைவிட காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் அமைதியான ஓரங்களில் துடுப்புப் படகுக்கு இடம் ஒதுக்குவது பாதுகாப்பானது. தடுப்பணைகளுக்குக் கீழே தண்ணீர் சுழன்று உள்ளே இழுக்கும். பார்வைக்கு அமைதியாக இருக்கும் அந்த இடங்களில் நல்ல நீச்சல்காரரும் தப்புவது கஷ்டம். அங்கெல்லாம் வேலியும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பலகையும் கட்டாயம். மிதவை அங்கியும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரும் இல்லாமல் ஒரு படகுகூட இறங்கக் கூடாது.

மழை நாளில் மூடுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற்றம். பாதையின் வாயிலைப் பூட்டுவதற்கும் இவற்றையே பயன்படுத்தலாம். விழிப்பு நிலையிலேயே படகு கரை ஏறிவிட வேண்டும், பாதை மூடப்பட வேண்டும். மழைமானி ஒன்றும் நீர்மட்டக் கோலொன்றும் கரையில் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளவெடுத்துப் பதிவார்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், மூன்றாம் வருடம் சேறு அள்ள மட்டும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பாதையைத் துப்புரவாக்கும் செலவு சபையின் ஆண்டு வரவு செலவில் தனி வரியாக முதல் வருடமே சேர வேண்டும். அந்த வேலையையும், படகு, வழிகாட்டி, காவல் வேலைகளையும் கரையிலிருந்து இடம் மாறிய குடும்பங்களுக்கே சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். படகுக் கட்டணத்தில் ஒரு பங்கு மேலே தோட்டத்துக் கான்களைத் துப்புரவாக வைப்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் சபை உறுப்பினர்களிடம் கேட்கும் உரிமை ஊராருக்கு இருக்கிறது.